உயர்வெப்ப நிக்கல் கலப்புலோகங்களில் அரிய தனிமங்களைக் குறைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் பொறியியல் பீட மாணவர்கள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் உலோகவியல் சொல்லிக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். கோபால்ட், ரெனியம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஏறக்குறைய அதே கேள்விகள் எழுகின்றன. அண்மைக் காலமாக மின்னுற்பத்தி நிலையங்களில் பணியாற்றும் நண்பர்களும் அவற்றையே கேட்கிறார்கள். இவ்விடயத்தைத் தமிழில் படிக்கத் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மாணவி ஒருவர் குறைப்பட்டார். அவர் பொருட்டே அக்கேள்விகளையும் என் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உயர்வெப்ப நிக்கல் கலப்புலோகம் என்று எதைச் சொல்கிறோம்?

செந்தணலாகக் காய்ந்த நிலையிலும் வலிமை குன்றாத, நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கலப்புலோகங்களை அப்படிச் சொல்கிறோம். விமான எஞ்சினிலும் மின்னுற்பத்தி நிலையத்தின் வாயு விசையாழியிலும், எரியறையிலிருந்து பாய்ந்து வரும் வாயுவை முதலில் எதிர்கொள்ளும் பிளேடுகள் இவற்றால் வார்க்கப்பட்டவை. தூய நிக்கல் 1455 பாகை செல்சியஸில் உருகும். இன்றைய பெரிய எஞ்சின்களில் அந்த வாயுவின் வெப்பநிலை அதையும் தாண்டுகிறது. பிளேட்டின் உள்ளே அமைந்த நுண்ணிய வழிகளில் காற்றைச் செலுத்திக் குளிர்விப்பதாலும், மேலே பூசிய பீங்கான் படலத்தாலும்தான் உலோகம் பிழைத்திருக்கிறது. அத்தனை வெப்பத்தின் நடுவே சுழற்சியால் எழும் மையநீக்க விசையும் பிளேட்டை வெளிநோக்கி ஓயாமல் இழுக்கிறது. அந்த இழுவையில் உலோகம் மணிக்கணக்காக, ஆண்டுக்கணக்காக மெல்ல நீண்டுகொண்டே போகும். பொறியியலாளர்கள் இதைக் கிரீப் என்பார்கள். கலப்புலோகத்தில் உள்ள அரிய தனிமங்களில் பெரும்பாலானவை இந்த நீட்சியைத் தாமதப்படுத்தவோ மேற்பரப்பு அரிபடுவதைத் தடுக்கவோ சேர்க்கப்பட்டவை.

ஒரு தனிமம் எப்போது மூலோபாயத் தனிமம் ஆகிறது?

பூமியில் அரிதாக இருப்பது மட்டும் போதாது. அது இல்லாவிட்டால் ஒரு நாட்டின் பாதுகாப்போ பெருந்தொழிலோ முடங்கிவிடும் என்ற நிலையும், அது வரும் வழி ஒன்றிரண்டு நாடுகளின் கையில் இருப்பதும் சேர வேண்டும். இலங்கையருக்கு இது அறிமுகமான விடயமே. 1942 இல் மலாயா யப்பானியர் வசமான பின்னர் நேச நாடுகளின் இயற்கை இறப்பர்த் தேவைக்கு இத்தீவு முக்கிய ஆதாரமாயிற்று. 1952 இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தபோது ஐக்கிய அமெரிக்கா அதை எதிர்த்ததும், இறப்பரை அது மூலோபாயப் பொருளாகக் கருதியதனாலேயே. அன்று நாம் விற்கும் பக்கத்தில் இருந்தோம். 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்றபோது வாங்கும் பக்கத்தின் நிலை என்னவென்று நேரில் அறிந்தோம்.

நிக்கல் கலப்புலோகங்களைப் பொறுத்தவரை, கோபால்ட்டின் பெரும்பகுதி கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. நையோபியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பிரேசிலிலிருந்து வருகிறது. குரோமியத்துக்குத் தென்னாபிரிக்காவும், தாந்தலத்துக்கு மத்திய ஆபிரிக்காவும், டங்ஸ்டன் எனப்படும் தங்குதனுக்குச் சீனாவும், ரெனியத்துக்குச் சிலியும் முதலிடம் வகிக்கின்றன. ஆஃபினியத்தின் கதை வேறு. அதற்கெனத் தனிச் சுரங்கமே கிடையாது. அணுமின் நிலையங்களுக்காகச் சிர்கோனியத்தைச் சுத்திகரிக்கும்போது பிரிந்து வருவதுதான் சந்தைக்குக் கிடைக்கிறது.

ஒவ்வொரு தனிமமும் உள்ளே என்ன வேலை செய்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எதையும் குறைக்கப் புகுவது ஆபத்து என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல பிளேட்டு உலோகத்தை மின்னணு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நெருக்கமாகக் கட்டிய செங்கற்சுவர் போலத் தெரியும். செங்கற்கள் காமா பிரைம் எனப்படும் சிறு கனசதுரங்கள். ஒவ்வொன்றின் பக்கமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. நிக்கல் அணுக்கள் மூன்றுக்கு அலுமினிய அணு ஒன்று என்ற ஒழுங்கில் அவை அமைந்திருக்கும். அலுமினியத்தின் இடத்தில் தைத்தேனியம், தாந்தலம், நையோபியம் ஆகியவையும் போய் அமரும். அவற்றுக்கிடையே சாந்து போலப் படிந்திருப்பது காமா. கோபால்ட், குரோமியம், மொலிப்டினம், ரெனியம் ஆகியவை பெரும்பாலும் அங்கேயே தங்கும், தங்குதன் இரண்டிலும் பகிர்ந்துகொள்ளும். முழுப் பிளேடும் ஒரே படிகமாக உறையும்படி வார்க்கப்படும் ஒற்றைப் படிகப் பிளேடுகளில் செங்கல்லின் பங்கு 60 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். எஞ்சிய ஒடுக்கமான காமா வழிகளில்தான் உலோகம் முதலில் நெகிழத் தொடங்குகிறது.

ரெனியம் அந்த வழிகளை அடைக்கிறது. நிக்கலுக்குள் மிக மிக மெதுவாக இடம்பெயரும் அணுக்களில் அது ஒன்று. அணுக்கள் நகர மறுக்கும் இடத்தில் கிரீப் தாமதப்படும், கனசதுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருப்பதும் தாமதப்படும். தங்குதனும் மொலிப்டினமும் அதே வேலையை அதைவிடக் குறைந்த திறனுடன் செய்கின்றன. தாந்தலம் செங்கல்லை உறுதியாக்குவதோடு, வார்க்கும்போது நேரும் ஒரு குறையையும் தடுக்கிறது: தங்குதனும் ரெனியமும் முதலில் உறைந்த கிளைகளில் சேர்ந்துவிட, மீதித் திரவம் இலேசாகி மேலெழுந்து, சங்கிலிபோலச் சிறு துணிக்கைகளை விட்டுச் செல்லும், பாரமான தாந்தலம் அந்தத் திரவத்தில் தங்குவதால் அது மேலெழாது. குரோமியமும் அலுமினியமும் மேற்பரப்பில் ஒட்சைட்டுத் தோலை உண்டாக்கிக் காக்கின்றன. பல சிறு படிகங்கள் சேர்ந்த சாதாரண வார்ப்பில், படிக மணிகள் எனப்படும் அவற்றின் எல்லைகள் பிரியாதிருக்கச் சிறிதளவு ஆஃபினியம், போரன், காபன் உதவுகின்றன.

கோபால்ட்டின் வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்வது எனக்கு எப்போதும் கடினம். அலுமினியமும் தைத்தேனியமும் காமாவில் கரைந்திருக்கும் அளவை அது குறைப்பதால் செங்கற்களின் பங்கு கூடுகிறது. படிக அடுக்குகள் வழுக்கும் விதத்தை மாற்றுகிறது. உலோகங்கள் காபனோடு சேர்ந்து உண்டாகும் காபைட்டுகள் எங்கே எந்த வடிவில் படியும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இத்தனை மறைமுக வேலை செய்யும் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதைச் செய்துபார்த்தே அறிய வேண்டியிருந்தது.

அந்தச் சோதனை எப்போது நடந்தது?

1978 மே மாதத்தில், அன்று சயர் என அழைக்கப்பட்ட கொங்கோவின் ஷாபா மாகாணத்தில், அங்கோலாவிலிருந்து நுழைந்த கிளர்ச்சியாளர்கள் கோல்வேசி நகரைக் கைப்பற்றினார்கள். உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கு அந்த மாகாணத்திலிருந்தே வந்தது. சண்டை சில வாரங்களில் ஓய்ந்தாலும் அச்சம் ஓயவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் இறாத்தல் ஒன்று 7 டொலருக்கும் குறைவாக இருந்த உற்பத்தியாளர் விலை, 1979 இல் 25 டொலரானது. வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாகவும் விற்றது. விமான எஞ்சின் செய்பவர்களுக்கு இது பெரும் அதிர்ச்சி. பிளேடுகளைப் பிடித்தபடி சுழலும் வட்டுகளுக்குப் பயன்பட்ட வாஸ்பலோய் என்ற கலப்புலோகத்தில் 13 சதவீதமும், பிளேடுகளுக்குப் பயன்பட்ட மார்-எம் 247 இல் 10 சதவீதமும், யூடிமெட் 700 இல் 17 சதவீதத்துக்கு மேலும் கோபால்ட் இருந்தது.

இதைத் தொடர்ந்து 1980களின் தொடக்கத்தில் நாசா, ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் உள்ள தன் லூயிஸ் ஆய்வு நிலையத்தின் தலைமையில் கோசாம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கோபால்ட், நையோபியம், தாந்தலம், குரோமியம் ஆகிய நான்கும் அதன் இலக்குகள். ஆய்வு நிலையம், பல்கலைக்கழகங்கள், தொழில் நிறுவனங்கள் என மூன்று தரப்பும் ஒரே கலப்புலோகங்களை எடுத்து, கோபால்ட்டைப் படிப்படியாக நிக்கலால் மாற்றி, ஒவ்வொரு படியிலும் என்ன கெடுகிறது என்று அளந்தார்கள். அந்த ஆய்வின் ஒழுங்கு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. மாற்றீட்டைத் தேடுவதற்கு முன்னர், அத்தனிமம் அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டார்கள்.

கோபால்ட்டை முற்றாக எடுத்தபோது என்ன கண்டார்கள்?

இழுவலிமை பெரிதாக மாறவில்லை. கெட்டது நீண்டகால உறுதிதான். வாஸ்பலோயில் கோபால்ட் குறையக் குறைய, சுமையின் கீழ் முறியும் வரையான ஆயுள் குறைந்துகொண்டே வந்தது. மார்-எம் 247 இல் 10 சதவீதத்தை 5 ஆகக் குறைத்தபோது ஏறத்தாழ இழப்பில்லை. முற்றாக நீக்கியபோதோ காமா பிரைமின் பங்கு குறைந்தது, படிக மணிகளின் எல்லைகளில் காபைட்டு படலமாகப் படர்ந்தது, ஆயுளும் சுருங்கியது. யூடிமெட் 700 இலும் பாதியளவு குறைப்பைத் தாங்கலாம் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

மாணவர்கள் இதைக் கேட்டதும் முகம் வாடுகிறார்கள்; முழுவதையும் நீக்கினால்தான் வெற்றி என்று அவர்கள் எண்ணுகிறார்கள். என் எண்ணம் வேறு. பாதிக் கோபால்ட் போதும் என்று அளந்து நிறுவுவது, உலகம் முழுவதும் வார்க்கப்படும் ஒரு கலப்புலோகத்தில் பாதித் தேவையை நெருக்கடி நேரத்தில் விடுவிக்கும். எந்தத் தனிமத்திலும் முதற்பாதியைக் குறைப்பது மலிவு, கடைசிச் சதவீதங்களைக் குறைப்பதுதான் விலை உயர்ந்தது.

அப்படியானால் அந்த முடிவுகள் ஏன் எங்கும் நடைமுறைக்கு வரவில்லை?

விலை இறங்கிவிட்டது. சுழலும் பாகம் ஒன்றின் உலோகத்தை மாற்றினால், வார்ப்பு, வெப்பப் பதப்படுத்தல், பூச்சு, களைப்புச் சோதனை, எஞ்சின் ஓட்டம், விமானத் துறை அதிகாரிகளின் அங்கீகாரம் என அத்தனையையும் மீண்டும் செய்ய வேண்டும். கோபால்ட் மலிவானதும் அச்செலவுக்கு யாரும் முன்வரவில்லை. இன்றும் சந்தையில் உள்ள மார்-எம் 247 இல் அதே 10 சதவீதம்தான்.

இதற்கு மறுபுறமும் உண்டு. மேற்கு வேர்ஜீனியாவின் ஹண்டிங்டனில் ஹேர்பர்ட் ஐசல்ஸ்டைன் உருவாக்கிய இன்கொனெல் 718 இல் கோபால்ட் சேர்க்கப்படுவதில்லை. ஏறத்தாழ 5 சதவீத நையோபியமும் 18 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட இரும்பும் அதன் அடையாளம். விசையாழி வட்டுகளுக்கு உலகில் அதிகம் வாங்கப்படுவது அதுவே. ஆனால் 650 பாகைக்கு மேல் அது தளர்ந்துவிடும். அந்த எல்லையை 700 பாகை வரை உயர்த்துவதற்காக 718 பிளஸ் என்ற புதிய வடிவத்தைச் செய்தபோது, இரும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு 9 சதவீதம் கோபால்ட் சேர்த்தார்கள். முன்வாசலால் அனுப்பிய விருந்தாளி, 50 பாகை கூடத் தேவைப்பட்டதும் பின்வாசலால் வந்துவிட்டார். எந்த வெப்பநிலை நமக்கு உண்மையிலேயே தேவை என்ற கேள்வியை முதலில் தீர்க்காமல் தனிமக் குறைப்பைப் பேசவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்று கோபால்ட் நிலை என்ன?

இன்று கோபால்ட்டை அதிகம் விழுங்குவது மின்கலங்கள்; கலப்புலோகங்கள் அவற்றோடு போட்டியிட வேண்டும். விலை மிகவும் விழுந்ததைக் காரணம் காட்டி, 2025 பெப்ரவரியில் கொங்கோ ஜனநாயகக் குடியரசு கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்தியது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஒதுக்கீட்டு முறையில் மீண்டும் அனுமதித்தது. 1980களின் அந்த ஆய்வு முடிவுகள் அலமாரியில் இருப்பது இப்போது ஆறுதலாக இருக்கிறது.

ரெனியத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

அளவைக் கேட்டால் விளங்கும். உலகம் முழுவதும் ஓராண்டில் புதிதாக எடுக்கப்படும் ரெனியம் ஏறத்தாழ 50 முதல் 60 தொன். அதன் அடர்த்தி நீரைப்போல் 21 மடங்கு என்பதால், ஓராண்டு விளைச்சல் முழுவதையும் உருக்கி ஒரே கட்டியாக்கினாலும் மூன்று கனமீற்றரைத் தொடாது. ஒரு சிறிய லொறியின் பெட்டியில் கொள்ளும் அளவு. அதில் பெரும்பகுதி நிக்கல் கலப்புலோகங்களுக்கே போகிறது.

அது கிடைக்கும் விதம் இன்னும் இக்கட்டானது. செம்புத் தாதோடு சிறிதளவு மொலிப்டினைட்டு கிடைக்கும்; அந்த மொலிப்டினைட்டை வறுக்கும்போது, அதில் மிகச் சிறிதளவாகப் பொதிந்திருந்த ரெனியம் ஆவியாகும் ஒட்சைட்டாகப் புகைபோக்கிக்குள் போகும்; அந்தப் புகையைக் கழுவித்தான் எடுக்கிறார்கள். அதாவது அது துணைவிளைபொருளின் துணைவிளைபொருள். ரெனியத்தின் விலை எவ்வளவு ஏறினாலும் அதற்காக யாரும் புதிய செம்புச் சுரங்கம் தோண்டப்போவதில்லை. 2008 இல் விலை கிலோகிராமுக்கு 10,000 டொலரைத் தாண்டியபோதும் உற்பத்தியை உடனே பெருக்க வழியிருக்கவில்லை.

முதல் தலைமுறை ஒற்றைப் படிகப் பிளேடுகளில் ரெனியம் இல்லை. இரண்டாம் தலைமுறையில், சிஎம்எஸ்எக்ஸ்-4, ரெனே என்5, பிடபிள்யூஏ 1484 ஆகிய கலப்புலோகங்களில், 3 சதவீதம் சேர்ந்தது. மூன்றாம் தலைமுறையில் 5, 6 சதவீதமாயிற்று. தலைமுறைக்கு 25 பாகையிலிருந்து 30 பாகை வரை தாங்குதிறன் உயர்ந்தது உண்மை. ஆனால் அளவு மீறினால் ரெனியம், தங்குதன், குரோமியம் செறிந்த ஊசி வடிவக் கெட்டிகள் உள்ளே வளர்ந்து உலோகத்தை நொறுங்கச் செய்தன. அதைத் தடுக்க நான்காம் தலைமுறையில் ருதேனியம் சேர்த்தார்கள். அதுவும் பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த அரிய உலோகம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதைப் போன்ற இந்தப் பாதை நெடுந்தூரம் போகாது என்று பலர் அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

ரெனியத்தைக் குறைத்தவர்கள் எப்படிச் செய்தார்கள்?

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 2005 அளவில் இதை ஒரு நிறுவனத் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. 3 சதவீத ரெனியம் கொண்ட ரெனே என்5 இன் இடத்தில், 1.5 சதவீதம் கொண்ட என்515 ஐயும், ரெனியமே இல்லாத என்500 ஐயும் வடிவமைத்தார்கள். சிஎம்எஸ்எக்ஸ்-4 ஐச் செய்த கனன்-மஸ்கீகன் நிறுவனமும் 1.5 சதவீதத்துடன் சிஎம்எஸ்எக்ஸ்-8 ஐயும், ரெனியமின்றிச் சிஎம்எஸ்எக்ஸ்-7 ஐயும் கொண்டுவந்தது. பாதியோ முழுவதுமோ என இரு படிகளில் இவ்விரு நிறுவனங்களும் தனித்தனியே வந்து நின்றது தற்செயலென்று நான் எண்ணவில்லை. எஞ்சினுக்குள் எல்லாப் பாகங்களும் ஒரே கொடுமையை அனுபவிப்பதில்லை. மிக வெப்பமான சுழலும் பிளேட்டுக்குக் கொஞ்சம் ரெனியத்தை விட்டுவைத்து, சுழலாமல் நின்றபடியே வெப்பத்தை மட்டும் தாங்கும் பாகங்களிலிருந்து அதை முற்றாக எடுக்கலாம்.

வேதியியலில், இழந்த வலிமையைத் தங்குதன், மொலிப்டினம், தாந்தலம் ஆகியவற்றைச் சற்றுக் கூட்டி ஈடுசெய்கிறார்கள். கூட்டும்போது மூன்று எல்லைகளைத் தாண்டக் கூடாது: ஊசி வடிவக் கெட்டிகள் தோன்றக் கூடாது, வார்ப்பில் துணிக்கைச் சங்கிலி தோன்றக் கூடாது, பிளேட்டின் பாரம் கூடக் கூடாது. பாரம் கூடினால் அதைப் பிடித்திருக்கும் வட்டையும் தடிப்பாக்க வேண்டும். இந்த எல்லைகளைக் கணக்கிட 1960களில் ஃபாகொம்ப் என்ற எலக்திரன் கணக்கு முறை வந்தது. இன்று வெப்ப இயக்கவியல் தரவுத்தளங்களை வைத்து ஆயிரக்கணக்கான கலவைகளைக் கணினியில் சல்லடை போட்டபின், ஒரு சிலவற்றை மட்டுமே உருக்கிப் பார்க்கிறார்கள்.

ஒரு கிலோகிராம் பிளேட்டில் 3 சதவீதத்தை 1.5 ஆக்கினால் மிஞ்சுவது 15 கிராம். அற்பமாகத் தோன்றும், அந்தச் சிறிய லொறிப் பெட்டியை நினைவில் வைத்தால் அற்பமாகத் தோன்றாது.

ரெனியத்துக்குப் பதிலாகத் தங்குதனை நிறையப் போட்டால் தீர்ந்துவிடாதா?

தீராது. மேலே சொன்ன மூன்று எல்லைகள் ஒருபுறம். மறுபுறம், தங்குதன் சுரங்க உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனாவினுடையது. 2025 பெப்ரவரியில் தங்குதன், மொலிப்டினம் உள்ளிட்ட சில உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது.

குரோமியத்தையும் குறைக்கலாமா? கொழும்பில் உள்ள விசையாழிகளுக்கு அது பொருந்துமா?

விமான எஞ்சின்களில் அது ஏற்கெனவே மிகவும் குறைந்துவிட்டது. ரெனியத்துக்கும் தங்குதனுக்கும் இடம்விட வேண்டியிருந்ததால், குரோமியம் சிஎம்எஸ்எக்ஸ்-4 இல் 6.5 சதவீதமாகவும் சிஎம்எஸ்எக்ஸ்-10 இல் 2 சதவீதமாகவும் இறங்கியது. அலுமினிய ஒட்சைட்டுத் தோலும் மேற்பூச்சும் காவலை ஏற்றுக்கொண்டன.

நம் கடற்கரையில் அதைச் செய்ய நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். களனிதிஸ்ஸவிலும் கெரவலப்பிட்டியவிலும் உள்ள நிலையங்கள் கடலுக்கு மிக அருகில் இருக்கின்றன. உள்ளிழுக்கும் காற்றில் உப்பு இருக்கும், திரவ எரிபொருளில் கந்தகம் இருக்கும். இரண்டும் சேர்ந்து சோடியம் சல்பேற்றாகிப் பிளேட்டின் மேல் உருகிப் படியும்போது, பாதுகாப்பான ஒட்சைட்டுத் தோல் கரைந்து, உலோகம் கறையான் அரித்த பலகையைப் போல உள்ளிருந்து பொருக்குவிடும். கனத்த எண்ணெயில் வனேடியம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் ஒட்சைட்டு 700 பாகைக்குக் கீழேயே உருகிவிடும். இதனால்தான் நிலத்தில் இயங்கும் விசையாழிகளுக்கு 16 சதவீத குரோமியம் கொண்ட ஐஎன்-738, 22 சதவீதம் கொண்ட ஐஎன்-939 போன்றவற்றை வைத்திருக்கிறார்கள். இங்கே குரோமியத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துக் குறைத்தால், பாகங்களை அடிக்கடி மாற்றி, மொத்தத்தில் எல்லாத் தனிமங்களையும் கூடுதலாகச் செலவிடுவோம். உள்ளே வரும் காற்றை நன்றாக வடிகட்டுவதும், எரிபொருளைக் கழுவுவதும், பூச்சை உரிய காலத்தில் புதுப்பிப்பதுமே நம்மால் செய்யக்கூடிய உண்மையான தனிமச் சேமிப்பு.

அளவுக்கு மீறிக் குறைத்ததற்கு வரலாற்றில் உதாரணம் உண்டா?

உண்டு. இரண்டாம் உலகப் போரில் செருமனிக்கு நிக்கல், கோபால்ட், குரோமியம் வரும் வழிகள் அடைபட்டிருந்தன. மெசர்ஷ்மிட் 262 விமானத்துக்கான யூமோ 004 எஞ்சினின் உற்பத்தி வடிவத்தில் எரியறையைச் சாதாரண உருக்கில் செய்து, மேலே அலுமினியம் பூசினார்கள். விசையாழிப் பிளேடுகளுக்கு முதலில் 30 சதவீத நிக்கல் கொண்ட டினிடூர், பின்னர் நிக்கலுக்குப் பதிலாக மங்கனீசு கொண்ட குரோமடூர். உட்புறம் குடைந்து காற்றால் குளிர்வித்தார்கள். பொறியியல் என்ற அளவில் அது திறமையான வேலை. ஆனால் அந்த எஞ்சின்களின் ஆயுள் 25 மணித்தியாலம் அளவில், பல வேளைகளில் அதற்கும் குறைவாக, முடிந்துவிட்டது. ஒரு நாட்டின் அவசரத்துக்கு அது போதியிருக்கலாம்; பயணிகள் விமானத்துக்கோ மின்னுற்பத்திக்கோ அப்படியொரு குறைப்பு கூடாது. ஒரு பாகத்தில் எத்தனை கிராம் மிச்சம் என்று கேட்பதோடு, அப்பாகம் உழைக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எத்தனை கிராம் செலவாகிறது என்றும் கேட்க வேண்டும்.

பழைய பிளேடுகளிலிருந்து தனிமங்களை மீட்க முடியுமா?

முடியும். என் கணிப்பில், புதிய கலப்புலோகங்கள் எதையும்விட விரைவாகப் பயன் தருவது இதுவே. வார்ப்பாலையில் ஊற்றும் உலோகத்தில் ஒரு பகுதி மட்டுமே பிளேடாகும். வாய்க்கால்களிலும் தலைப்பகுதியிலும் உறைந்த மீதியைச் சுத்தம் செய்து மீண்டும் உருக்கலாம். அரைக்கும்போது விழும் தூளில்கூட ரெனியம் உண்டு. அதை அமிலத்தில் கரைத்து வேதியியல் முறையில் பிரித்தெடுக்கிறார்கள். ஓடித் தேய்ந்த பிளேடுகளில் பூச்சு, கந்தகம், படிந்த உப்பு ஆகியவை ஒட்டியிருப்பதால் வேலை கூடுதல். பிஸ்மது, ஈயம் போன்றவை பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு கலந்தாலும் உலோகம் கெட்டுவிடும். ஆகவே எது எந்தக் கலப்புலோகம் என்று தொடக்கத்திலேயே பிரித்து வைப்பதுதான் முழு வேலையின் உயிர்.

சில ஆண்டுகளுக்கு முன் பஞ்சிகாவத்தையில் பழைய உலோகம் வாங்கும் ஒரு கடையில், துருப்பிடிக்காத உருக்குக் குவியலுக்குள் விசையாழிப் பிளேடுகள் கிடக்கக் கண்டேன். காந்தம் ஒட்டவில்லை என்பதால் அவை துருப்பிடிக்காத உருக்கு என்று எண்ணி, அந்த விலைக்கே எடை போட்டிருந்தார்கள். கைக்கடக்கமான எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வுக் கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவரை அழைத்துப் பார்த்தபோது, ஐஎன்-738 இன் சேர்க்கைக்கு மிக நெருக்கமாக இருந்தது. அப்படியானால் 100 கிலோகிராமில் கோபால்ட் 8.5, தங்குதன் 2.6, தாந்தலம் 1.7 கிலோகிராம் என்று கணக்கு வரும். அவை சட்டி பானைகளோடு உருகிப்போனால் அந்தத் தாந்தலத்தை இனி எவராலும் எடுக்க முடியாது. எனக்கு அன்று மனம் மிக வருந்தியது. பாகத்தைக் கழற்றும் இடத்திலேயே கலப்புலோகத்தின் பெயரை எழுதிக் கட்டி, தனிப்பெட்டியில் போட்டுவைத்தால், அதை வாங்குவதற்கு வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். செலவு ஒரு துண்டு அட்டை.

நிக்கலை விட்டு வேறு பொருளுக்கே போய்விட முடியாதா?

சில இடங்களில் போய்விட்டார்கள். கட்டுநாயக்கவுக்கு வந்துபோகும் ஏ320 நியோ வகை விமானங்கள் பலவற்றில் உள்ள லீப் எஞ்சினில், உயரழுத்த விசையாழியைச் சூழ்ந்த முதற்கட்ட வளையப் பாகங்கள் சிலிக்கன் காபைட்டு நார்ப் பீங்கானால் ஆனவை. தாழழுத்த விசையாழியில் தைத்தேனியம் அலுமினைட்டுப் பிளேடுகள் உண்டு. மிக வெப்பமான சுழலும் பிளேட்டில் இன்றும் நிக்கல்தான்.

இலங்கையில் இத்தனிமங்களில் எதுவும் கிடைக்குமா?

புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட்டு, ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்கோன் கிடைக்கிறது. எந்தச் சிர்கோனிலும் ஒன்றிரண்டு சதவீத அளவில் ஆஃபினியம் இருக்கும். ஆகவே திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஏற்றுமதியாகும் ஒவ்வொரு தொன் சிர்கோனோடும் கொஞ்சம் ஆஃபினியமும் கப்பலேறுகிறது. அதை இங்கேயே பிரிக்கலாமே என்று மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். சிர்கோனியமும் ஆஃபினியமும் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. அவற்றைப் பிரிப்பது செலவு மிகுந்தது, அணுமின் தரத்துச் சிர்கோனியத்தை வாங்குபவர் இருந்தால் மட்டுமே கட்டுப்படியாகும். அம்பாந்தோட்டை மாவட்டத்தின் உஸ்ஸன்கொட மண்ணில் நிக்கல் செறிந்திருப்பதும் உண்மை. அது தேசியப் பூங்கா. அந்த மண்ணில் மட்டும் பழகிய செடிகள் அங்கே வளர்கின்றன. அதைத் தோண்ட வேண்டும் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லமாட்டேன்.

பொறியியல் மாணவர் ஒருவர் இத்துறையில் எங்கிருந்து தொடங்கலாம்?

உருக்கும் வெற்றிட உலை நம்மிடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். எந்தச் சேர்க்கையில், எந்த வெப்பநிலையில், காமா, காமா பிரைம் போன்ற எந்தக் கட்டம் நிலைக்கும் என்று காட்டும் கட்டச் சமநிலை வரைபடங்களை நன்றாகப் படியுங்கள். நிக்கல்–அலுமினியம்–குரோமியம் வரைபடத்திலிருந்து தொடங்குவது நல்லது. கணிப்புக்கான திறந்த மென்பொருள்கள் இருக்கின்றன. கழற்றிப் போட்ட பிளேடு ஒன்று கிடைத்தால், அதை வெட்டி, மெருகிட்டு, அமிலத்தில் பொறித்து, வெப்பம் பட்ட நுனியிலும் வெப்பம் படாத வேர்ப்பகுதியிலும் கனசதுரங்களின் அளவை ஒப்பிடுங்கள். வேர்ப்பகுதியில் கூர்மையான சதுரங்களும், நுனியில் பருத்து உருண்ட வடிவங்களும் தெரியும். அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவர் எவரும், ஒரு தனிமத்தைக் குறைக்கும் முன் அதன் வேலை என்னவென்று கேட்க மறந்ததை நான் இதுவரை கண்டதில்லை.